குறை தொண்டையிலா, சுருதியிலா?

கேள்வி: வணக்கம் ஐயா. கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்தவள். எங்கள் ஊர் கேபிள் சேனல் ஒன்றில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். மூன்று நடுவர்களில் ஒருவராக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாம் சினிமாப் பாட்டு. பிள்ளைகள் அனுப்பிய பதிவுகளை ஒரு தடவை கேட்டால் எல்லாரும் நன்றாகப் பாடுவது போல இருக்கிறது. மறுபடி கேட்டால் எல்லாருமே சுருதி விலகுவது போல இருக்கிறது. எதை வைத்து மார்க் போடுவது? "கொஞ்சம் காரசாரமாகப் பேசுங்க மேடம்" என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தியும் போட்டியில் இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
– ஓர் இசை ஆசிரியை, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என்னை விட்டு இன்னும் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் ஆரம்பச் சுற்றுகளுக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். பதினொரு வயதுப் பையன் ஒருவன் வந்தான். முதல் வரியிலிருந்தே சுருதிக்குக் கொஞ்சம் கீழே நின்றான். கடைசி வரைக்கும் அதே அளவு கீழே. நான் மிகக் குறைவாக மார்க் போட்டேன், "வீட்டில் தம்புரா போட்டுச் சாதகம் பண்ணு தம்பி" என்று அறிவுரையும் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். சாப்பாட்டு இடைவேளையில் ஒலிப்பதிவுத் தம்பி வந்து, "சார், அந்தப் பையன் காதில் இருந்த இயர்பீஸ் வேலை செய்யவில்லை, இப்போதுதான் பார்த்தோம்" என்றார். அவனுக்கு டிராக், அதாவது பின்னணி இசை, சரியாகவே கேட்கவில்லை. தூரத்தில் இருந்த ஸ்பீக்கரில் வந்த மங்கலான சத்தத்தை வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடியிருக்கிறான். திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள் என்றார்கள்.

நான் அன்றைக்குக் கேட்டது தவறில்லை. அவன் சுருதி விலகித்தான் பாடினான். ஆனால் அந்த விலகல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இத்தனைக்கும் தடயம் என் காதிலேயே இருந்தது. காது சரியில்லாத பிள்ளை அங்கங்கே தடுமாறும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவில் விலகி நிற்கிற பிள்ளைக்கு உள்ளுக்குள் இசை திடமாக இருக்கிறது என்று அர்த்தம். சேர்ந்துகொள்ள வேண்டிய சுருதிதான் வந்து சேரவில்லை.

ஆகவே மார்க் போடுவதற்கு முன் நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் குறை பிள்ளையுடையதா, அது பாடும் கட்டையுடையதா (பாட்டுக்கு வைத்திருக்கும் சுருதி உயரத்தைத்தான் கட்டை என்கிறோம்), அல்லது காதில் விழும் ஒலியுடையதா? நான் சொல்லப் போகிற மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

கட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சின்னப் பிள்ளைகளின் போட்டியில் பாதித் தோல்வி அங்கேதான் நடக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றாம் கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். அவர்களுடைய ஷட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', வினாடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வு. பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடினால் ஷட்ஜம் 196. ஓர் ஆண் பாடகர் ஒன்றாம் கட்டையில் பாடிய பாட்டை ஒரு பெண் குழந்தை அதே டிராக்கில் பாட வருகிறாள் என்று வையுங்கள். அவர் பாடிய அதே ஸ்தாயியில் பாடினால் பல்லவியே தொண்டைக்குள் புதைந்துவிடும். ஒரு ஸ்தாயி மேலே போட்டுப் பாடினால், சரணத்தில் தார பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் 'ப', வரும்போது அவள் 784 அதிர்வில் நிற்க வேண்டும். அதே பாட்டை ஐந்து கட்டையில் வைத்திருந்தால் அந்த இடம் 587 தான். முதலாவது கத்தல், இரண்டாவது பாட்டு. குழந்தை அதே குழந்தை.

பெரிய நிகழ்ச்சிகளில் வாத்தியக்காரர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். கட்டையை மாற்றி வாசித்துவிடுவார்கள். உங்கள் ஊர் சேனலில் அநேகமாகக் கரோக்கி டிராக்தான் இருக்கும். இணையத்தில் கிடைத்த கட்டையிலேயே பிள்ளைகள் பாடிப் பழகி வந்திருப்பார்கள். டிராக்கின் சுருதியை ஏற்றி இறக்குவது இன்றைக்கு செல்போனிலேயே செய்யக்கூடிய வேலை. படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே ஒரு நாள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏற்ற கட்டையைப் பார்த்துக் குறித்துக் கொடுக்க முடியுமா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். இந்த ஒரு வேலை நடந்துவிட்டால், நடுவராக நீங்கள் பேசப்போகிற எந்தக் கருத்தையும்விடப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

மேடையில் கேட்கும்போது நான் பார்க்கும் அடையாளங்கள் இவை. மேலே போகும் இடங்களில் மட்டும் சுருதி குறைந்தால் கட்டை அதிகம். கீழ் ஸ்வரங்களில் குரல் காற்றாகக் கரைந்தால் கட்டை போதவில்லை. வரியின் கடைசி எழுத்தில் மட்டும் இறங்கினால் மூச்சுப் போதவில்லை. அது பயிற்சிக் குறை, மார்க் குறைக்கலாம். எல்லா நீண்ட ஸ்வரமும் கொஞ்சம் ஏறி நின்றால் பயத்தில் அழுத்திப் பாடுகிறது, இரண்டாவது சரணத்தில் சரியாகிறதா பாருங்கள். ஏறுவதும் இறங்குவதுமாக ஒழுங்கே இல்லாமல் அலைந்தால், அப்போதுதான் அது காதின் குறை. அதற்குத்தான் தாராளமாகக் குறைக்க வேண்டும்.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். பார்வையாளர்கள் உச்ச ஸ்தாயிக்கும் வேகமான சங்கதிக்கும் (வரியை அழகுபடுத்தும் ஸ்வர வளைவுகளுக்கும்) கை தட்டுவார்கள். வேகத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். நான் கேட்பது பல்லவியின் நீண்ட ஸ்வரம் முடியும் இடத்தை, பிறகு மந்திர ஸ்தாயியை, அதாவது கீழ் ஸ்வரங்களை. இன்னொன்று, எனக்கு இதுவரை பொய்க்காத சோதனை: முதலில் பாடிய பல்லவியையும் இரண்டு சரணம் முடிந்து திரும்பி வரும் பல்லவியையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது அதே சுருதியில், முதலாவதைவிடத் தெளிவாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு அடித்தளம் இருக்கிறது.

கர்நாடகக் காது சினிமாப் பாட்டுக்கு ஒத்துவருமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் "மறுபடி கேட்டால் எல்லாருமே சுருதி விலகுவது போல" என்று எழுதியிருப்பதில் அந்தக் கேள்வி இருக்கிறது. காரணம் உங்கள் நல்ல காதுதான். தம்புராவில் தானாக ஒலிக்கிறதே அந்தர காந்தாரம் (பெரிய 'க'), அது கீபோர்டின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் குறைவு. சென்ட் என்பது சுருதி இடைவெளியின் அளவு; கீபோர்டில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவே 100 சென்ட் என்பது கணக்கு. தம்புராவோடு வளர்ந்த காதுக்குக் கீபோர்டு காந்தாரம் சற்று ஏறினாற்போல்தான் இருக்கும். கிட்டார் கார்டுகளின் மேல் பாடும் பிள்ளை அந்தக் கார்டோடு சேர்ந்தால் அது சுருதி சுத்தம்தான். அதேபோல, பல சினிமாப் பாட்டுகளில் ஸ்வரம் அசையாமல் நேராக நிற்க வேண்டும். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, இல்லையே என்று குறைக்காதீர்கள். சொல்லப்போனால் எதிர்ப்பக்கம் கவனமாக இருங்கள்: சங்கீதம் கற்ற பிள்ளைகள் நேராக நிற்க வேண்டிய இடத்தில் அசைத்து, பாட்டின் மெட்டையே மாற்றிவிடுவார்கள். நம் பாடத்தைப் படித்த பிள்ளை என்று நம் மனசு அங்கே இளகும்.

ஆனால் ராகத்தில் ஆழமாகக் கால் ஊன்றிய மெட்டுகள் தமிழ் சினிமாவில் ஏராளம். அங்கே ஒரு சங்கதியை வழித்துவிட்டுப் போனால் விடாதீர்கள். மூலப் பாடகர் போட்ட சங்கதி எண்ணிக்கை முக்கியமில்லை. எடுத்துக்கொண்ட சங்கதி தெளிவாக விழுந்ததா என்பதுதான் முக்கியம். மூன்று சங்கதியைக் குழைத்துப் பாடியவளைவிட ஒன்றைச் சுத்தமாகப் பாடியவளுக்கு நான் கூடக் கொடுப்பேன்.

லயத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டிராக் ஓடும்போது பிள்ளைகள் பெரும்பாலும் முந்துவார்கள், பிந்துவது குறைவு. இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள்; எடுப்பு சரியாக விழுந்தால் மீதிக் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

உச்சரிப்பில் நான் கண்டிப்பானவன். மனம் மணமானால், பள்ளி பல்லியானால் பாட்டு வேறாகிவிடுகிறது. ஆனால் திருத்தினால் ஒரு வாரத்தில் வந்துவிடும் குறை இது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை என்றால் இந்த ஒரு காரணத்துக்காக வெளியே அனுப்பாதீர்கள். சொல்லை உடைத்து மூச்சு வாங்குவது அதைவிடப் பெரிய குறை. 'கண்' என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு 'ணீர்' என்று தொடர்ந்தால், அந்தப் பிள்ளை என்ன பாடுகிறோம் என்று யோசிக்கவே இல்லை என்று தெரிந்துவிடும்.

அப்புறம் 'ஃபீல்'. சன் டிவியில் ஏ.வி. ரமணன் சப்தஸ்வரங்கள் நடத்திய நாளிலிருந்து, 2006ல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கி இன்றுவரை, இந்தப் போட்டிகளைப் பார்த்துப் பார்த்தே நம் வீடுகளில் சுருதி, சங்கதி என்ற பேச்செல்லாம் வந்தது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் கூடவே ஒரு சோம்பேறிச் சொல்லும் வந்துவிட்டது. "ஃபீல் பத்தலை" என்று சொல்லிவிட்டால் நடுவரின் வேலை முடிந்தது. அந்தக் குழந்தை மட்டும் வீட்டுக்குப் போய் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும். பாட்டின் பாவம், அதாவது உணர்ச்சி, எங்கிருந்து வருகிறது? எந்தச் சொல்லில் அழுத்தம், எந்த இடத்தில் குரலைக் குறைப்பது, எந்த உயிரெழுத்தை எவ்வளவு நீட்டுவது என்பதிலிருந்து வருகிறது. அதைச் சொல்லுங்கள். "இரண்டாவது வரியையும் முதல் வரி அளவு சத்தமாகவே பாடினாய், அங்கே குரலைப் பாதியாகக் குறைத்துப் பார்" என்றால் ஒரு பத்து வயதுக் குழந்தைக்கும் புரியும். கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடுவது பாவம் இல்லை.

கண் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பியானோப் போட்டிகளின் சின்னச் சின்னத் துண்டுகளை வைத்து 2013ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் பார்த்தவர்கள்தான் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பதை அதிகம் சரியாகச் சொன்னார்கள். இசையே தொழிலாக உள்ளவர்களும் இதில் விலக்கில்லை. அப்படியானால் அந்தப் போட்டிகளின் நடுவர்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள்? இதைப் படித்த நாளிலிருந்து, பாடும் பிள்ளையின் முதல் பல்லவி முடியும்வரை நான் தலை நிமிர்வதில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டு, சுருதிக்கும் லயத்துக்கும் ஒரு மார்க் எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பேன். பட்டுப் பாவாடையும் சிரிப்பும் அதற்குப் பிறகு கண்ணில் பட்டால் போதும். கேமராக்காரர்களுக்கு இது பிடிக்காது. முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

வரிசையும் ஏமாற்றும். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியின் பல வருஷ முடிவுகளை எடுத்துப் பொருளியல் அறிஞர்கள் இருவர் 1996ல் ஆராய்ந்தார்கள். யார் எந்த நாளில் வாசிப்பது என்பது அங்கே குலுக்கலில்தான் முடிவாகும். இருந்தும், முதல் நாள் வாசித்தவர்கள் பட்டியலில் கீழேயும் பிந்திய நாட்களில் வாசித்தவர்கள் மேலேயும் வரும் போக்கு தெரிந்தது. உலகத்தரமான நடுவர்களுக்கே இந்தக் கதி. முதலில் வரும் பிள்ளைக்கு யோசித்து யோசித்துக் கையை இறுக்கிக்கொள்கிறோம். மத்தியானத்துக்கு மேல் அளவுகோல் தளர்ந்துவிடுகிறது. இதற்கு நான் செய்வது, முதல் மூன்று பேர் பாடி முடிக்கும்வரை மார்க்கைப் பென்சிலில் எழுதுவது. நாலாவது ஆளுக்குப் பிறகு திரும்பிப் பார்த்துச் சரிசெய்வேன். பக்கத்து நடுவரோடு பேசுவதற்கு முன் எழுதிவிடுங்கள். பேசிவிட்டு எழுதினால் மூன்று நடுவர் இருந்தும் பயனில்லை.

மார்க்கைப் பிரிப்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் 100ல் சுருதிக்கு 35, லயத்துக்கு 20, குரலைக் கையாளும் விதத்துக்கு 20, சொல்லுக்கும் பாவத்துக்கும் சேர்த்து 25 என்று வைத்துக்கொள்கிறேன். குரல் இனிமைக்கு என்று தனியாக ஒரு மார்க்கும் கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. தேன் போன்ற குரல் பிறப்பிலேயே வந்தது. அந்தக் குழந்தை அதை வைத்துக்கொண்டு என்ன செய்தது என்பதற்கு மட்டும்தான் மார்க். கொஞ்சம் கரகரப்பான குரலில் சுத்தமாகப் பாடும் பிள்ளைகளை இந்தப் போட்டிகள் எவ்வளவு எளிதாகக் கைவிடுகின்றன என்பதைப் பார்த்து எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

உங்கள் போட்டியில் 16 வயதுவரை பிள்ளைகள் வருவதால் தொண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் குரல் உடையும். கடைசியில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே வந்து நிற்கும். அந்த இடைக்காலத்தில் ஒரு பையன் பாடும்போது குரல் பிசிறினால் அது சுருதிப் பிழை இல்லை. அதை மேடையில் எல்லாரும் கேட்கச் சொல்லாதீர்கள், அந்த வயதுக்கு அது பெரிய அவமானம். பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டையை இறக்கச் சொல்லுங்கள், சில மாதம் உச்ச ஸ்தாயிப் பாட்டுகளைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆணோ பெண்ணோ, பேசும்போதே குரல் கம்மி, மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அழுத்திக் கத்திப் பாடும் பிள்ளைகளுக்குக் குரல் நாணில் சின்ன முடிச்சுகள் வருவதுண்டு. இது தெரிந்தும் கத்தலுக்கு முழு மார்க் கொடுத்தால், அடுத்த வாரம் பத்துப் பிள்ளைகள் கத்த வருவார்கள். அந்தப் பொறுப்பு நம்முடையது.

ஒலி விஷயத்தில் இரண்டே வேண்டுகோள் வையுங்கள். பாடத் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் மைக்கில் "டிராக் கேட்கிறது" என்று வாயால் சொல்ல வேண்டும். நான் முதலில் சொன்ன அந்தப் பையனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அடுத்தது, நடுவர்கள் காதுக்கு வரும் ஒலியில் எதிரொலியைக் குறைக்கச் சொல்லுங்கள். எதிரொலி தாராளமாக இருந்தால் எல்லாரும் பாடகர்தான். நேயர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும்.

சரி, காரசாரமாகப் பேசும் விஷயம். முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1996ல் தெலுங்கில் 'பாடுதா தீயகா' நிகழ்ச்சியைத் தொடங்கி வருஷக்கணக்காக நடத்தினாரே, அதைத் தேடிப் பாருங்கள். தவறை அவர் மறைக்கவே மாட்டார். பிழை வந்த இடத்தைத் தானே பாடிக் காட்டுவார், அந்தப் பாட்டு உருவான கதையைச் சொல்வார், அதற்குள் அந்தக் குழந்தையின் பயமும் போய்விடும். ஒரு பிள்ளையையும் அழவைக்காமலே மக்கள் விரும்பிப் பார்த்த நிகழ்ச்சி அது. உங்களுக்கும் பாட வருமே. குறையைச் சொல்லாதீர்கள், பாடிக் காட்டுங்கள்.

வெளியேறும் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அவரவருக்கு ஏற்ற கட்டை எது, எந்த ஓர் இடத்தில் மூச்சைச் சரிசெய்ய வேண்டும், இந்த வயதுக்கு எந்த மாதிரிப் பாட்டு பொருந்தும் என்று மூன்று வரி எழுதிக் கிழித்துக் கொடுங்கள். மேடையில் சொல்வது எதுவும் அந்த நேரத்தில் அவர்கள் காதில் ஏறாது.

உங்கள் மாணவி விஷயம். முதல் சுற்றுக்கு முன்பே நடத்துபவர்களிடமும் மற்ற இரண்டு நடுவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவளுக்கு நீங்கள் மார்க் போட வேண்டாம். மற்ற இருவரின் சராசரியை எடுத்துக்கொள்ளட்டும். அவள் பாடும்போது கருத்தும் சொல்லாதீர்கள். போட்டி முடியும்வரை போட்டிப் பாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், வேறொரு ஆசிரியரிடம் அனுப்புங்கள். அவளுக்கு இது கஷ்டமாக இருக்கும். அவள் அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும், டீச்சர் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று நினைப்பார். அதனால் போனில் சொல்லாமல், அவர்கள் வீட்டுக்கே போய் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.